ஆயுள் காப்பீட்டுப் பணமும் வருமான வரியும்: குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒருவர் இறந்து, பாலிசிப் பணம் வரும் நேரத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பாதி வரிக்குப் போய்விடும் என்பார் ஒருவர். இன்ஷூரன்ஸ் என்றாலே வரி கிடையாது என்பார் இன்னொருவர். இரண்டுமே சரியில்லை. இறப்புக்காக வரும் பணத்தில் வரித்துறை ஏறக்குறைய கை வைப்பதில்லை. அந்தப் பணம் நம் கணக்கில் வந்து உட்கார்ந்த மறுநாளிலிருந்துதான் வரி ஆரம்பிக்கிறது. கீழே உள்ளவை இந்தியச் சட்டப்படியான பதில்கள்.

கணவர் இறந்து ஒரு கோடி ரூபாய் டெர்ம் பாலிசிப் பணம் வருகிறது. எவ்வளவு வரி கட்ட வேண்டும்?

ஒன்றும் கட்ட வேண்டாம். வருமான வரிச் சட்டத்தின் 10(10டி) பிரிவுப்படி, ஆயுள் காப்பீட்டில் இறப்புக்காக வரும் தொகைக்கு முழு விலக்கு உண்டு. ஒரு லட்சமானாலும் ஐந்து கோடியானாலும் அதேதான். போனஸ் சேர்ந்து வந்தால் அதற்கும் வரி இல்லை.

1961-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் இந்த விலக்கு இரண்டாம் அட்டவணைக்கு இடம் மாறியிருக்கிறது, சாரம் அதேதான். ஆடிட்டர்களும் ஏஜென்ட்களும் இன்னும் ‘டென் டென் டி’ என்றுதான் சொல்கிறார்கள், இங்கேயும் பிரிவு, படிவம் எல்லாவற்றுக்கும் பழைய எண்களையே வைத்துக்கொள்கிறேன்.

வாரிசு வரி என்று ஒன்று இருந்ததே என்று பெரியவர்கள் கேட்பார்கள். எஸ்டேட் டியூட்டி எனப்பட்ட அந்த வரி 1985-ல் ஒழிக்கப்பட்டது.

ஆனால் “பிரீமியம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் வரி உண்டு” என்று ஏஜென்ட் சொல்கிறாரே?

அவர் சொல்வது உண்மைதான், ஆனால் அது முதிர்வுத் தொகைக்கான விதி. பாலிசிக்காரர் உயிரோடு இருந்து பணம் வாங்கும்போதுதான் அது பொருந்தும். இறப்புக் கிளெய்முக்குப் பொருந்தாது. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

2012 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ எடுத்த பாலிசியில், ஏதாவது ஒரு வருடம் கட்டிய பிரீமியம் காப்புத் தொகையில் (சம் அஷ்யூர்ட்) 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் முதிர்வுக்கு விலக்கு போய்விடும். 2003 ஏப்ரல் முதல் 2012 மார்ச் வரை எடுத்தவற்றுக்கு இந்த வரம்பு 20 சதவீதம். மாற்றுத்திறனாளிகள், குறிப்பிட்ட சில நோய்கள் உள்ளவர்கள் பெயரில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்தவற்றுக்கு 15 சதவீதம். இதுபோக, 2021 பிப்ரவரி 1 முதல் எடுத்த யூலிப்களில் (பிரீமியத்தில் ஒரு பகுதியைச் சந்தையில் முதலீடு செய்யும் பாலிசிகள்) வருட பிரீமியம் மொத்தம் 2.5 லட்சத்தையும், 2023 ஏப்ரல் 1 முதல் எடுத்த மற்ற பாலிசிகளில் 5 லட்சத்தையும் தாண்டினால் முதிர்வுக்கு வரி வரும்.

இத்தனை விதிகளிலும் “இறப்பின்போது பெறும் தொகைக்கு இது பொருந்தாது” என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. யாராவது பயமுறுத்தினால் அந்த வாசகத்தைக் காட்டுங்கள்.

நடைமுறையில் அதிகம் மாட்டுவது ஒற்றை பிரீமியம் பாலிசிதான். ஒருவர் 10 லட்சம் ரூபாயை மொத்தமாகக் கட்டுகிறார், காப்புத் தொகை 12.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் காப்புத் தொகையில் 80 சதவீதம் ஆகிறது. முதிர்வில் 18 லட்சம் வந்தால், கட்டிய 10 லட்சம் போக மீதி 8 லட்சம் அவருடைய வருமானமாகக் கணக்கில் ஏறும். அதே மனிதர் நடுவில் இறந்துவிட்டால், குடும்பத்துக்கு வரும் தொகை முழுவதற்கும் வரி இல்லை. பாலிசியை விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

புதிய வரிமுறைக்கு மாறிவிட்டோம். அதில் கழிவுகளே இல்லை என்கிறார்கள். விலக்கும் போய்விட்டதா?

போகவில்லை. பிரீமியம் கட்டுவதற்காகக் கிடைத்த 80சி கழிவு (வருடம் 1.5 லட்சம் வரை) புதிய முறையில் கிடையாது. வரும் பணத்துக்கான 10(10டி) விலக்கு இரண்டு முறைகளிலும் உண்டு. கட்டும்போது கிடைக்கும் சலுகை வேறு, வாங்கும்போது கிடைக்கும் விலக்கு வேறு.

பணம் வரும்போதே டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். என்ன செய்வது?

இறப்புக் கிளெய்மில் டிடிஎஸ் பிடிக்கவே கூடாது. 194டிஏ என்ற பிரிவு விலக்கு பெறாத தொகைகளுக்கு மட்டும்தான். அதுவும் வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் போனால்தான், வருமானப் பகுதியில் 2 சதவீதம். 2024 அக்டோபருக்கு முன் இது 5 சதவீதமாக இருந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம்.

சில சமயம் கிளெய்மை ஏதோ முதிர்வு போலப் பதிவு செய்து பிடித்துவிடுவார்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். அந்தக் காலாண்டுக் கணக்கை அவர்கள் ஏற்கெனவே வரித்துறைக்கு அனுப்பிவிட்டிருந்தால் பணம் அவர்களிடமிருந்து திரும்பி வராது. பணம் யார் பான் எண்ணில் பிடிக்கப்பட்டதோ அவர் அந்த வருடத்துக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்டாகத்தான் வாங்க வேண்டும். பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ல் அந்தத் தொகை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தாக்கல் செய்யுங்கள்.

இன்னொன்று. பல வீடுகளில் நாமினி வயதான அம்மாவாக இருப்பார், பான் கார்டே எடுத்திருக்க மாட்டார். துக்க வீட்டில் ஆதாரையும் பானையும் தேடி அலைவதைவிட இப்போதே எடுத்து வைத்துவிடலாம். காசு அதிகம் ஆகாது.

கிளெய்மைத் தாமதித்ததற்காக வட்டியும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்கும் விலக்கு உண்டா?

இல்லை. விசாரணை தேவைப்படாத இறப்புக் கிளெய்மை 15 நாளிலும், விசாரணை தேவைப்பட்டால் 45 நாளிலும் முடிக்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் வைத்த கெடு. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் ‘வங்கி விகித’த்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். அந்த வட்டி ‘இதர வருமானம்’, வரிக்கு உட்பட்டது. எனவே கிளெய்ம் பணம் வந்ததும், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே தொகையாக வங்கியில் விழுந்துவிட்டால் பின்னாளில் பிரிப்பது தலைவலி.

மொத்தமாக வாங்காமல் மாதாமாதம் வாங்கினால் வரி வருமா?

எந்த மாதத் தொகை என்பதைப் பொறுத்தது.

டெர்ம் பாலிசியிலேயே “இறந்தால் பாதி உடனே, மீதி பத்து வருடம் மாதத் தவணையாக” என்று எழுதியிருந்தால், அந்தத் தவணைகளும் இறப்புத் தொகைதான். பிரித்துக் கொடுப்பதால் அதன் குணம் மாறாது.

ஓய்வூதிய பாலிசி வேறு கதை. கணவர் இருந்தபோது வாங்கிய ஆன்யுட்டியில், அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு மாதத் தொகை தொடர்ந்தால், அது மனைவியின் வருமானம். முழுக்க வரிக் கணக்கில் சேரும். அரசு ஊழியர் குடும்பங்களில் வரும் குடும்ப ஓய்வூதியத்துக்கு ஒரு கழிவு உண்டு (மூன்றில் ஒரு பங்கு, அல்லது பழைய முறையில் 15,000, புதிய முறையில் 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது). அது வேலை கொடுத்தவர் தரும் ஓய்வூதியத்துக்கானது, காப்பீட்டு நிறுவனத்தின் ஆன்யுட்டிக்குக் கிடைக்காது. இரண்டையும் ‘பென்ஷன்’ என்றே வீட்டில் சொல்வதால் ரிட்டர்னில் கலந்துவிடுகிறார்கள்.

ஒரு கோடியை அப்படியே எஃப்.டி.யில் போட்டுவிட்டோம். அது வரியில்லாத பணம்தானே?

அசல் வரியில்லாத பணம், வட்டி அப்படி இல்லை. குடும்பங்கள் உண்மையில் வரியாகப் பணம் இழக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கோடிக்கு 7 சதவீதம் என்று வைத்தால் வருடம் 7 லட்சம் வட்டி. மனைவிக்கு வேறு வருமானம் இல்லை என்றால், 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரையுள்ள வருமானத்துக்கு 87ஏ தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ஆனால் வங்கி அதையெல்லாம் பார்க்காது. வருட வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் (மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம்) 10 சதவீதம் பிடித்துவிடும். ஏழு லட்சத்தில் எழுபதாயிரம் போய்விடும். வீட்டுச் செலவுக்கே அந்த வட்டிதான் என்றால் இது சின்னத் தொகை இல்லை.

சரி, வரி பிடிக்க வேண்டாம் என்று அறிவிக்கும் 15ஜி படிவம் கொடுத்துவிடலாமே என்று கவுண்டரில் சொல்வார்கள். இங்கேதான் ஒரு சிக்கல். 60 வயதுக்குக் கீழே உள்ளவர் அந்த அறிவிப்பைக் கொடுக்க, வரி பூஜ்யமாக இருந்தால் மட்டும் போதாது, வட்டித் தொகையே அடிப்படை விலக்கு வரம்புக்குள் (புதிய முறையில் 4 லட்சம்) இருக்க வேண்டும். ஏழு லட்சம் வட்டி வாங்கும் 45 வயதுப் பெண்மணி வரியே கட்ட வேண்டியதில்லை, ஆனாலும் 15ஜி கொடுக்க முடியாது. வருடம் முடிந்து ரிட்டர்ன் போட்டு எழுபதாயிரத்தை மீட்க வேண்டும். 60 வயது தாண்டியவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை, வரி பூஜ்யம் என்றால் 15எச் கொடுத்துவிடலாம்.

அந்தப் பெண்மணி வேலைக்குப் போகிறவர் என்றால் கணக்கு மாறும். சம்பளம் 9 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 8.25 லட்சம். இது மட்டும் இருந்தால் தள்ளுபடியில் வரி பூஜ்யம். வட்டி 7 லட்சம் சேர்ந்ததும் வருமானம் 15.25 லட்சம் ஆகிறது, தள்ளுபடி கைநழுவிப் போகிறது. 4 முதல் 8 லட்சத்துக்கு 20,000, அடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மீதி 3.25 லட்சத்துக்கு 48,750. மொத்தம் 1,08,750. செஸ் 4 சதவீதம் சேர்த்து 1,13,100 ரூபாய். வரியே இல்லாத பாலிசிப் பணத்தால் வருடாவருடம் வந்து சேரும் வரி இது. வங்கி பிடிக்கும் எழுபதாயிரம் போக மீதியை அட்வான்ஸ் டாக்ஸாகக் கட்டாமல் விட்டால் அதற்கும் வட்டி போடுவார்கள்.

இதைக் குறைக்க வழி உண்டா? உண்டு. 18 வயது நிரம்பிய மகன், மகள் பெயரில் ஒரு பங்கைப் போட்டால் அதன் வட்டி அவர்கள் வருமானமாகவே கணக்கிடப்படும். பிபிஎஃப்-ல் வருடம் 1.5 லட்சம் வரை போடலாம், அந்த வட்டிக்கு வரி இல்லை. ஆனால் ஒரு லட்சம் வரி மிச்சம் பிடிப்பதற்காக முப்பது லட்சத்தைக் கல்லூரிப் பையன் பெயரில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் ஒரு வருடம் வரி போனால் போகட்டும் என்று பணத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதே மேல். கிளெய்ம் பணம் வந்த வாரத்திலேயே புதிய பாலிசி விற்க வரும் வங்கி ஊழியரை அப்புறம் வரச் சொல்லலாம்.

சின்னப் பிள்ளைகள் பெயரில் போட்டால்?

18 வயதுக்குக் கீழே இருந்தால் அந்த வட்டி பெற்றோரின் வருமானத்தோடு சேரும். அப்பா இல்லை என்றால் அம்மாவோடு. பழைய முறையில் பிள்ளைக்கு 1,500 ரூபாய் என்று ஒரு சின்ன விலக்கு உண்டு, புதிய முறையில் அதுவும் இல்லை. பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் வருடம் 1.5 லட்சம் வரை போடலாம், அதன் வட்டிக்கு வரியே இல்லாததால் சேர்ப்பதற்கும் ஒன்றும் இல்லை.

கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசி. நாமினி மாமியார். பணம் அவர் கணக்குக்குப் போய், அவர் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் வரி வருமா?

வராது. மாமியாருக்கு வந்ததும் இறப்புத் தொகைதான், விலக்கு உண்டு. வாரிசுகளின் பங்கை அவர் கொடுப்பது பரிசு ஆகாது.

நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுக்கும் கை மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1984-ல் சர்பதி தேவி வழக்கில் சொன்னது. 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தின் 39-வது பிரிவைத் திருத்தி, பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களே பயனாளி என்று மாற்றினார்கள். அதன் பிறகும் மற்ற வாரிசுகளின் உரிமை பற்றி உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்லவில்லை. அதனால் மாமியாரோடு பேசி முடிப்பதே நல்லது. பங்கு பிரித்ததை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை வங்கி மூலமாகவே மாற்றுங்கள், ரொக்கமாக வேண்டாம். நாமினியே போடாமல் விட்டிருந்தால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழை இ-சேவையில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். தொகை பெரியது என்றால், அல்லது தகராறு இருந்தால், நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றையும் கேட்கலாம்.

அவர் வியாபாரத்தில் வரி பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். பாலிசிப் பணத்தை வரித்துறை எடுத்துக்கொள்ளுமா?

இறந்தவரின் வரி பாக்கிக்குச் சட்டப்படியான வாரிசு பொறுப்பு. ஆனால் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான். மனைவியின் சொந்த நகை, சொந்தச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. பாலிசிப் பணம் அவர் விட்டுப்போன சொத்தா இல்லையா என்பதில்தான் வாதம் வரும்.

அந்த வாதமே வராமல் செய்ய ஒரு பழைய சட்டம் இருக்கிறது. 1874-ம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம். அதன் 6-வது பிரிவின் கீழ், மனைவி மக்கள் நலனுக்காக என்று எழுதி எடுத்த பாலிசி, அவர்களுக்காகவே ஒதுக்கி வைத்த ஒரு ட்ரஸ்ட் ஆகிவிடுகிறது. கணவரின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது, அவருடைய சொத்திலும் அது சேராது. பாலிசி எடுக்கும்போதே விண்ணப்பத்தோடு ஒரு கூடுதல் தாள், அவ்வளவுதான். தனிச் செலவு கிடையாது. எடுத்த பிறகு சேர்க்க முடியாது. சொந்தத் தொழில் செய்கிறவர்கள், நண்பர்களின் கடனுக்கு ஜாமீன் போட்டவர்கள் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டிய தாள் அது. ஏஜென்ட்கள் தாமாக எடுத்துச் சொல்வது அபூர்வம்.

கம்பெனி எடுத்துக் கொடுத்த பாலிசிக்கும் இதே விலக்கா?

ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்து எடுக்கும் குரூப் டெர்ம் என்றால் ஆமாம், குடும்பத்துக்கு வரும் தொகைக்கு வரி இல்லை.

கீமேன் பாலிசி என்றால் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, தன் நிர்வாக இயக்குநர் இல்லாமல் போனால் ஆர்டர்கள் நின்றுவிடும் என்று கம்பெனி பெயரில் எடுத்து, பிரீமியத்தைச் செலவில் எழுதும் பாலிசி அது. இறப்புக்காக வந்தாலும் அதற்கு வரி உண்டு. விலக்கு இல்லாமல் போகும் ஒரே பெரிய இடம் இதுதான். நடுவில் அந்த பாலிசியை இயக்குநர் பெயருக்கே மாற்றிவிட்டால் வரி போய்விடும் என்று ஒரு காலத்தில் செய்துவந்தார்கள். 2013 நிதிச் சட்டம் அந்தக் கதவை அடைத்துவிட்டது, மாற்றிய பிறகும் அது கீமேன் பாலிசிதான். குடும்பத் தொழில் நடத்துகிறவர்கள் பாலிசிப் பத்திரத்தில் ‘முன்மொழிபவர்’ இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பாலிசியை வீட்டுக்கடனுக்காக வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தோம்.

வங்கி தன் பாக்கியை எடுத்துக்கொண்டு மீதியைக் குடும்பத்துக்குத் தரும். இரண்டு பகுதிக்கும் வரி இல்லை.

வரியே இல்லாத பணத்தை ரிட்டர்னில் காட்ட வேண்டுமா?

தொகை சிறியது என்றால் இந்தப் பணம் வந்ததற்காக மட்டும் ரிட்டர்ன் போட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வருடத்தில் சேமிப்புக் கணக்குகளில் 50 லட்சமோ அதற்கு மேலோ வரவானால், வரி இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும். எந்தக் காரணத்துக்காகப் போட்டாலும், விலக்கு பெற்ற வருமானம் என்ற பகுதியில் காட்டிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனம் கொடுத்த தொகை வரித்துறையின் ஏஐஎஸ் பட்டியலில் தெரியக்கூடும். ரிட்டர்னில் அது இல்லையென்றால் “இந்தப் பணம் எங்கிருந்து வந்தது” என்று ஒரு குறுஞ்செய்தி வரும். பதற வேண்டாம். கிளெய்ம் கடிதம், இறப்புச் சான்றிதழ், பாலிசி நகல் மூன்றையும் ஒரே கவரில் வைத்திருந்தால் பதில் சொல்ல பத்து நிமிடம்.

இறந்தவர் பெயரிலும் அந்த வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன் போட வேண்டியிருக்கலாம், ஏப்ரல் முதல் இறந்த நாள் வரைக்கும். வரித்துறைத் தளத்தில் வாரிசாகப் பதிவு செய்துகொண்டு போட வேண்டும். அதை முடித்து, வர வேண்டிய ரீஃபண்டும் வந்த பிறகு அவருடைய பான் கார்டை ஒப்படையுங்கள். அவசரப்பட்டு முதலிலேயே ஒப்படைத்தால் ரீஃபண்ட் சிக்கிக்கொள்ளும்.

நாமினியான மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனுக்கு?

இந்தியாவில் விலக்கு அவனுக்கும் உண்டு. அவன் இருக்கும் நாட்டின் சட்டம் தனி. சிங்கப்பூரில் எஸ்டேட் டியூட்டி 2008-ல் போய்விட்டது. இங்கிலாந்தில்தான் கவனம் தேவை. அங்கே வாழ்ந்து அங்கேயே இறப்பவரின் பாலிசியை ட்ரஸ்ட்டில் எழுதி வைக்காவிட்டால், தொகை அவருடைய சொத்தோடு சேர்ந்து, 3,25,000 பவுண்டுக்கு மேலுள்ள பகுதிக்கு 40 சதவீதம் வரை வாரிசு வரி வரலாம். மனைவிக்கோ கணவருக்கோ போவதற்குப் பொதுவாக அந்த வரி இல்லை, பிள்ளைகளுக்குப் போகும்போதுதான் பிரச்சினை. லண்டனில் குடியேறிய நம் ஆட்கள் பலர் ஊர் வழக்கப்படி நாமினி பெயர் சொன்னால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பிரீமியத்தில் ஜிஎஸ்டி போட்டார்களே, அது இன்னும் இருக்கிறதா?

தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. டெர்ம் பாலிசிக்கு முன்பு 18 சதவீதம் இருந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு கட்ட வேண்டிய தவணைக்கான ரசீதில் ஜிஎஸ்டி என்று தனி வரி இருந்தால் கிளையில் கேட்டுவிடுங்கள்.